மானிட்டரில் போர்ட் இருக்கிறது, லைன் இல்லை

கேரள-தமிழ்நாடு எல்லையில் இருக்கும் கொழிஞ்சாம்பாறை, கோபாலபுரம் ஆட்களுக்குச் சொல்லவே வேண்டாம். உடம்புக்கு முடியவில்லை என்றால் பாலக்காடா, பொள்ளாச்சியா, கோயமுத்தூரா என்ற பழைய பஞ்சாயத்துதான். இந்தத் தடவை அத்தைக்குக் கொலனோஸ்கோபி: மயக்க மருந்து கொடுத்து, ஸ்கோப் என்ற கேமராக் குழாயைப் பெருங்குடலுக்குள் விட்டுப் பார்ப்பது. பாலக்காடு பக்கம் ஒரு தனியார் ஆஸ்பத்திரி. டோக்கன், பில் எல்லாம் ஒழுங்காக முடிந்தது. வயிற்றெரிச்சல் அந்த எண்டோஸ்கோபி அறையில்தான்.

மானிட்டர் நல்ல மானிட்டர். வெளிவிடும் மூச்சில் கார்பன் டை ஆக்சைடு (சிஓடூ) அளக்கும் போர்ட்டும் பக்கவாட்டில் இருக்கிறது. அதில் சொருக வேண்டிய மெல்லிய சாம்ப்ளிங் லைனைக் காணோம். போர்ட் மூடி மேல் தூசி.

"சிஸ்டர், சிஓடூ லைன் போடலையா?"

"ஸ்டோர்ல எழுதிக் கேட்டா வரும் சேட்டா. பில்லுல ஏறும்."

டாக்டர் திரும்பிப் பார்த்து, "சாச்சுரேஷன் 99 இருக்கே, பின்ன எதுக்கு?" என்றார்.

சாச்சுரேஷன் என்பது விரல் கிளிப் காட்டும் ரத்த ஆக்சிஜன் அளவு. அந்த 99-ஐ நம்பக் கூடாது. மூக்குக் குழாயில் ஆக்சிஜன் ஓடிக்கொண்டிருந்தால், மூச்சு மந்தமாகி நின்றே போனாலும் விரல் கிளிப் கொஞ்ச நேரம் நல்ல எண்ணையே காட்டும். நுரையீரலில் இருக்கும் ஆக்சிஜன் இருப்பு கரைந்த பிறகுதான் இறங்கத் தொடங்கும். 90-க்குக் கீழே போனதும் மளமளவென்று சரியும். சிஓடூவைக் கோடாக வரையும் கேப்னோகிராஃபில் ஒவ்வொரு மூச்சுக்கும் ஒரு மேடு எழும், மூச்சு நின்றால் சில நொடியில் கோடு தட்டையாகிவிடும். நாக்கு பின்னால் விழுந்து தொண்டையை அடைத்தாலோ நெஞ்சு ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும், காற்று மட்டும் போகாது. ஸ்கோப் திரைக்காக விளக்கை அணைத்த அறையில் அதை யார் கண்டுபிடிப்பது? மூக்கு வழி எடுக்கும்போது ஆக்சிஜன் கலப்பதால் சிஓடூ எண் குறைவாக வரும்; எண்ணை விட்டுவிட்டு மேடு வருகிறதா என்று பார்த்தால் போதும். தட்டையானால் மருந்தை நிறுத்தி, பேர் சொல்லி உலுக்கி, தாடையை முன்னே தள்ள வேண்டும். அப்படியும் வராவிட்டால், கையால் அமுக்கி மூச்சுக் கொடுக்கும் ஆம்பு பேக்.

மிதமான மயக்கத்துக்கும் இந்த அளவீடு வேண்டும் என்று அமெரிக்க மயக்கவியல் சங்கம் 2011-லேயே விதியில் சேர்த்துவிட்டது. இங்கிலாந்தில் ரெக்கவரி அறைகளில் அந்தக் கோட்டைக் கண் கொட்டாமல் பார்ப்பவர்களில் பாலக்காடு, கோட்டயத்துப் பிள்ளைகள் எத்தனை பேர்! கை இங்கே பழகிய கைதான். ஒரு பிளாஸ்டிக் குழாய்க்கு இங்கே ஏன் இந்தக் கஞ்சத்தனம்?

அறையில் சக்‌ஷனும் ஒன்றே ஒன்று. உறிஞ்சி எடுக்கும் அந்தக் குழாயும் ஸ்கோப்பில் மாட்டியிருந்தது. படுத்திருப்பவர் வாந்தி எடுத்தால் ஸ்கோப்பிலிருந்து பிடுங்கி வாய்க்குக் கொண்டுவருவதற்குள் பாதி நுரையீரலுக்குள் போய்விடும். வாய்க்கென்று தனி சக்‌ஷன், தலைமாட்டில், ஓடும் நிலையில் இருக்க வேண்டும். பின்னால் பி டைப் ஆக்சிஜன் சிலிண்டர். முழுசாக நிறைந்திருந்தால் சுமார் 1,500 லிட்டர். முள் பாதியில் நின்றது. நிமிடத்துக்கு 10 லிட்டர் என்றால் 75 நிமிடம் வரும், அதில் குறையில்லை. ஆனால் அதைத் திறக்கும் சாவி பக்கத்து அறையில்.

மயக்கத்துக்கான மிடாசோலமும் வலிக்கான ஃபென்டனிலும் சேர்ந்தால், தனித்தனியாகக் கொடுப்பதைவிட மூச்சை அதிகமாக அடக்கும். மிடாசோலம் முழுசாகப் பிடிக்கச் சில நிமிடம் ஆகும்; பொறுக்காமல் அடுத்த டோஸ் போடுவதுதான் வயசானவர்களைக் கவிழ்க்கிறது. இவற்றுக்கு மாற்று மருந்து உண்டு: ஃப்ளூமாசெனில், நலோக்சோன். புரொபோஃபால் என்ற இன்னொரு மயக்க மருந்துக்குக் கிடையாது.

வரும்போது வழியில் குடித்த காபியைப் பற்றி நம்மாட்கள் வாயே திறப்பதில்லை. மயக்க மருந்துக்கு முன் பால் விட்ட காபிக்கு 6 மணி நேரம் இடைவெளி வேண்டும். தண்ணீருக்கு 2 மணி நேரம் போதும். சிஸ்டர் இதை மூன்று விதமாகத் திருப்பித் திருப்பி, நல்ல தமிழில் கேட்டார். மனசு குளிர்ந்தது.

லைன் பத்து நிமிடத்தில் வந்தது. டாக்டரும் முகம் சுளிக்கவில்லை, கடைசிவரை அந்தக் கோட்டின் மேல் ஒரு கண் வைத்திருந்தார். ஆனால் ஸ்கோப் வெளியே வந்ததும் கிளிப்பைக் கழற்றி ட்ராலியை வராந்தாவுக்குத் தள்ளப் பார்த்தார்கள். வயிற்றுக்குள் குடைச்சல் நின்றதும் மயக்கம் இன்னும் ஆழமாகும் நேரம் அது. பேர் கேட்டுப் பதில் சொல்லும்வரை கிளிப்பும் ஆக்சிஜனும் ஓர் ஆளும் கூடவே இருக்க வேண்டும். புக் பண்ணும்போதே போனில் இரண்டு கேள்வி கேளுங்கள்: சிஓடூ லைன் போடுவீர்களா, ஸ்கோப் பிடிக்காத ஓர் ஆள் மூச்சை மட்டும் பார்ப்பாரா?