டிஸ்னி வெகேஷன் கிளப்: கம்பெனியிடம் வாங்குவதா, மறுவிற்பனையில் வாங்குவதா?

டிஸ்னி வெகேஷன் கிளப் என்பது, டிஸ்னியின் ரிசார்ட்டுகளில் ஆண்டுதோறும் தங்கும் உரிமையைப் புள்ளிகளாக விற்கும் திட்டம். அதில் ஒரு புள்ளியைக் கம்பெனியிடமே, அதாவது டிஸ்னியிடமே, வாங்கினால் 200 டாலருக்கு மேல் ஆகிறது. விட்டுப்போக நினைக்கும் உறுப்பினரிடமிருந்து தரகர் மூலம் வாங்கினால் பல பழைய ரிசார்ட்டுகளில் 100 டாலரை ஒட்டிக் கிடைக்கிறது. இந்த இரண்டு எண்களை மட்டும் வைத்து முடிவெடுக்கக் கூடாது. விலையைவிட முக்கியமான மூன்று கேள்விகள் உண்டு: எந்த ரிசார்ட், அது எந்த ஆண்டு முடிகிறது, அந்தப் புள்ளி எங்கெல்லாம் செல்லும்.

நீங்கள் வாங்குவது பதிவேட்டில் ஏறும் பத்திரம்தான். ஆனால் அது காலாகாலத்துக்குமான சொத்து அல்ல. ஒவ்வொரு ரிசார்ட்டுக்கும் ஒரு முடிவு ஆண்டு எழுதப்பட்டிருக்கிறது. அதோடு உங்கள் உரிமையும் தீர்ந்துவிடும். அதுவரை ஆண்டுதோறும் புள்ளிகள் வரும், அதை வைத்து அறை எடுக்கலாம். 150 புள்ளி இருந்தால், பருவத்தைப் பொறுத்து, ஸ்டுடியோ அறையில் சுமார் ஒரு வாரம் தங்கலாம். சொந்த ரிசார்ட்டில் 11 மாதம் முன்பே பதிவு செய்யலாம். மற்றவற்றில் 7 மாதம் முன்புதான். பராமரிப்புக் கட்டணம் யாரிடம் வாங்கினாலும் ஒன்றே. மறுவிற்பனையில் வாங்கியதற்காக அதில் ஒரு சென்ட்கூடக் குறையாது.

விலையை மிச்சமிருக்கும் ஆண்டுகளால் வகுத்துப் பாருங்கள். 2026இல் வாங்குவதாக வைத்துக்கொள்வோம், விலைகள் கணக்குக்காகத்தான். ரிவியரா ரிசார்ட் 2070 வரை இருக்கிறது. கம்பெனியிடம் ஒரு புள்ளிக்கு 220 டாலர் கொடுத்தால் 44 ஆண்டு, ஆண்டுக்கு 5 டாலர். சாரடோகா ஸ்பிரிங்ஸ் 2054இல் முடிகிறது. மறுவிற்பனையில் 105 டாலர் என்றால் 28 ஆண்டு, ஆண்டுக்கு 3.75. ஓல்ட் கீ வெஸ்ட்டில் 2042இல் முடியும் ஒப்பந்தம் 80 டாலருக்குக் கிடைத்தால் 16 ஆண்டு, அதுவும் 5 டாலர். மலிவு என்று எண்ணி வாங்கியது, ஆண்டுக் கணக்கில் ரிவியராவின் விலைக்கே வந்து நிற்கிறது! போர்டுவாக், பீச் கிளப், போல்டர் ரிட்ஜ், ஹில்டன் ஹெட், வீரோ பீச் ஆகியவையும் 2042இல் முடிபவை. ஓல்ட் கீ வெஸ்ட்டில் சிலர் தனியாகப் பணம் கட்டி 2057 வரை நீட்டித்திருக்கிறார்கள். விளம்பரத்தில் எந்த ஆண்டு போட்டிருக்கிறது என்று பார்க்காமல் விலை பேசாதீர்கள்.

ஆண்டுக்கு 5 டாலர் என்றாலும் 220 டாலரை இன்றே கொடுத்தாக வேண்டும் என்பதையும் மறக்கக்கூடாது. 150 புள்ளிக்கு அது 33,000 டாலர். கம்பெனியின் கடனில் வாங்கினால் வட்டி சேர்ந்து இந்தக் கணக்கே கவிழ்ந்துவிடும். கையில் பணம் இல்லாமல் கம்பெனியிடம் வாங்குவதை நாங்கள் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டோம்.

அடுத்தது கட்டுப்பாடு. 2019 ஜனவரி 19 முதல் மறுவிற்பனையில் வாங்கப்படும் புள்ளிகளுக்கு ஒரு வேலி போடப்பட்டது. பழைய 14 ரிசார்ட்டுகளில் ஒன்றின் புள்ளியை வாங்கினால் அந்த 14க்குள் எங்கும் தங்கலாம். ரிவியரா, டிஸ்னிலேண்ட் ஹோட்டல் வில்லாக்கள், ஃபோர்ட் வில்டர்னஸ் கேபின்கள் ஆகியவற்றுக்குப் போக முடியாது. ரிவியரா புள்ளியை மறுவிற்பனையில் வாங்கினாலோ ரிவியராவில் மட்டும்தான் தங்கலாம். 2024 டிசம்பரில் திறந்த பாலினேசியன் கோபுரம் இதற்கு விலக்கு. புதிய கட்டடம்தான், ஆனாலும் பழைய பாலினேசியன் ரிசார்ட்டின் உரிமையாளர் சங்கத்திலேயே சேர்க்கப்பட்டதால் வேலிக்கு வெளியே போகவில்லை.

இந்த வேலி கம்பெனியிடம் வாங்குபவரையும் தொடுகிறது, அவர் விற்கும் நாளில். இன்று முழு விலைக்கு ரிவியரா வாங்குபவருக்கு எல்லா ரிசார்ட்டும் திறந்திருக்கும். நாளை அவரிடமிருந்து வாங்குபவருக்கு அந்த ஒன்று மட்டும்தான். அதனால்தான் அதன் மறுவிற்பனை விலை, கம்பெனி விலையின் பாதியை ஒட்டி நிற்கிறது. ஐந்தாறு ஆண்டில் விற்றுவிடலாம் என்ற எண்ணம் இருந்தால் இதை முதலில் யோசியுங்கள்.

கம்பெனியிடம் 150 புள்ளி வாங்கினால் உணவகத் தள்ளுபடி, பூங்காவுக்கான ஆண்டுப் பாஸில் சலுகை, உறுப்பினர்களுக்கான இரவு நிகழ்ச்சிகள் எல்லாம் உண்டு. 2016 ஏப்ரல் 4 முதல் மறுவிற்பனைக்காரர்களுக்கு இவை கிடையாது. ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை போகும் குடும்பத்துக்கு இது நிஜமான பணம்தான். ஆனால் இந்தச் சலுகைகள் பத்திரத்தில் இல்லை. கம்பெனி எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம், நிறுத்தலாம்.

வாங்கும் வழியில் வித்தியாசம் பெரிது. கம்பெனியிடம் கையெழுத்துப் போட்டுச் சில நாளில் அறை பதிவு செய்துவிடலாம். மனம் மாறினால் புளோரிடா சட்டப்படி 10 நாளுக்குள் எழுத்துமூலம் ரத்து செய்து பணத்தைத் திரும்பப் பெறலாம். மறுவிற்பனையில் இரண்டு மூன்று மாதம் ஆகும். விலை ஒத்துவந்ததும் சுமார் 10 சதவீத முன்பணம் எஸ்க்ரோ கணக்கில், அதாவது விற்பனை முடியும்வரை மூன்றாம் தரப்பு பணத்தை வைத்திருக்கும் கணக்கில், போகும். அதே விலைக்குத் தானே வாங்கிக்கொள்ளும் உரிமை டிஸ்னிக்கு உண்டு. டிஸ்னி அதைப் பயன்படுத்துகிறதா என்று தெரிய 30 நாள் காத்திருக்க வேண்டும். மிகவும் அடிமாட்டு விலைக்குப் பேசினால் டிஸ்னி எடுத்துக்கொள்ளலாம். முன்பணம் திரும்பி வரும், ஒரு மாதம் போய்விடும். டிஸ்னி வேண்டாம் என்று விட்டுவிட்டால் கணக்குச் சரிபார்ப்பு, பணம் கட்டுதல், பத்திரப்பதிவு, கடைசியில் டிஸ்னி உங்கள் பெயருக்கு மாற்றுதல்.

இங்கே அதிகம் தவறுவது புள்ளிக் கணக்கில்தான். விற்பவர் இந்த ஆண்டின் புள்ளியையும் செலவழித்து, அடுத்த ஆண்டுப் புள்ளியையும் முன்கடனாக எடுத்திருந்தால் உங்களுக்கு வருவது வெறும் பாத்திரம். புள்ளி விலையில் 10 டாலர் குறைத்துவிட்டோம் என்ற மகிழ்ச்சி அங்கேயே கரையும். எந்த ஆண்டுக்கு எத்தனை புள்ளி, நடப்பு ஆண்டின் பராமரிப்புக் கட்டணம் யார் தலையில் என்று ஒப்பந்தத்தில் எண்ணாகவே எழுதச் சொல்லுங்கள். புள்ளிகளை அடுத்த ஆண்டுக்குச் சேமிக்க, பயன்பாட்டு ஆண்டின் (ஒப்பந்தத்தில் குறித்த மாதத்தில் தொடங்கும் 12 மாதத்தின்) முதல் 8 மாதம்தான் அவகாசம். பிப்ரவரியில் தொடங்கும் ஒப்பந்தமென்றால் செப்டம்பர் 30. ஜூலையில் பேசி முடித்தால் அந்தத் தேதிக்குள் பெயர் மாறாமல் போகலாம். விற்பவரே சேமித்துத் தர வேண்டும் என்பதும் ஒப்பந்தத்தில் இருக்கட்டும்.

ஏற்கெனவே உறுப்பினராக இருந்து கூடுதலாக வாங்குபவர்கள் பயன்பாட்டு ஆண்டு தொடங்கும் மாதமும் பத்திரப் பெயர்களும் ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டும். கணவன் பெயரில் ஒன்று, இருவர் பெயரிலும் ஒன்று என்றிருந்தால் இரண்டு தனி உறுப்பினர் எண்கள் வரும். ஒரே பதிவுக்கு இரண்டிலிருந்தும் புள்ளி எடுக்க முடியாது.

விற்பவர் அமெரிக்கர் அல்லாதவர் என்றால், பொதுவாக விலையில் 15 சதவீதத்தைப் பிடித்து அமெரிக்க வரித்துறைக்குக் கட்டும் பொறுப்பு வாங்குபவருடையது. பத்திரப்பதிவைக் கவனிக்கும் நிறுவனம் இதைச் செய்துவிட்டதா என்று கேட்டு உறுதிசெய்யுங்கள். டொராண்டோவில் இருக்கும் நம்மவர்கள் வாங்கிப் பின்னால் விற்கும்போது பிடிபடும் தொகையும் இதுதான். அதிகம் பிடித்ததை மீட்க அமெரிக்க வரிக் கணக்குத் தாக்கல் செய்ய வேண்டும்.

எங்கள் கருத்து இது. ஆண்டுக்கு ஒருமுறை போய், 11 மாதம் முன்பே திட்டமிட்டு, சொந்த ரிசார்ட்டிலேயே தங்குவதில் மகிழ்ச்சி காணும் குடும்பத்துக்கு 2050க்குப் பிறகு முடியும் பழைய ரிசார்ட் ஒன்றை மறுவிற்பனையில் வாங்குவதே சரி. சாரடோகா, அனிமல் கிங்டம், பே லேக் டவர், பாலினேசியன், காப்பர் கிரீக் எல்லாம் அந்த வரிசை. புதிய ரிசார்ட்டுகளும் வேண்டும், ஆண்டுக்குப் பலமுறை போவோம், பணம் ரொக்கமாக இருக்கிறது, கடைசிவரை வைத்திருப்போம் என்பவர்கள் மட்டும் கம்பெனியிடம் போகலாம். இரண்டுக்கும் நடுவில் இருப்பவர்கள் ஒரு வருடம் ஏற்கெனவே உறுப்பினராக இருக்கும் ஒருவரின் புள்ளியை வாடகைக்கு எடுத்து, வாங்க நினைக்கும் ரிசார்ட்டிலேயே தங்கிப் பாருங்கள்.