குடிக்கு ஒரு வழி, ஊசிக்கு வேறு வழி

குடியை நிறுத்திய மூன்றாம் நாள் ராத்திரி, எங்கள் சித்தப்பா படுக்கை விரிப்பில் இல்லாத எறும்புகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். டம்ளர் பிடிக்க முடியாத அளவுக்குக் கை நடுக்கம். "பல்லைக் கடிச்சுக்கிட்டு இருக்கணும், சரியாயிடும்" என்றார்கள் மறுவாழ்வு மையத்தில். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியதால் பிழைத்தார். அங்கே பக்கத்துக் கட்டிலில் இருந்த பையன் அபின் வகை வலி மாத்திரையைக் கரைத்து ஊசி போட்டுப் பழகியவன். மறுவாழ்வு மையங்களிலோ இப்படிப்பட்ட இருவருக்கும் ஒரே வைத்தியம்: பூட்டிய அறையும் காலைப் பிரார்த்தனையும்.

வருடக்கணக்கில் தினமும் நிறையக் குடித்தவர் சட்டென்று நிறுத்தினால் முதல் 2 நாளில் வலிப்பு வரலாம். 2 முதல் 4 நாளுக்குள் காய்ச்சல், மனக்குழப்பம், மாயக்காட்சி. உயிரே போகலாம். அதனால்தான் நரம்பை அமைதிப்படுத்தும் குளோர்டயசெபாக்சைடு மாதிரி மருந்தைக் கொடுத்து, சில நாளில் படிப்படியாகக் குறைப்பார்கள். கூடவே தயமின் என்ற பி1 சத்து. குளுக்கோஸ் ஏற்றும் முன்பே அது போக வேண்டும்.

அந்தப் பையனுக்கு வந்தது கொட்டாவி, மூக்கொழுகல், மயிர்க்கூச்சு, வயிற்றுப்போக்கு. பார்க்கவே பாவமாக இருக்கும். ஆனால் அவனுக்குப் பெரிய ஆபத்து வெளியே வந்த பிறகுதான். ஒரு மாதம் மருந்து படாத உடம்பு பழைய அளவைத் தாங்காது. அதே அளவைப் போட்டால் மூச்சு நின்றுவிடலாம். ஆகவே நாக்கின் அடியில் வைக்கும் புப்ரினார்ஃபின் என்ற மாத்திரையை (அதுவும் அபின் வகைதான்) மாதக்கணக்கில், தேவைப்பட்டால் வருடக்கணக்கில் கொடுப்பதே என் பார்வையில் சரியான வழி. "ஒரு போதைக்கு இன்னொரு போதையா?" என்று வீட்டில் கேட்பார்கள். அந்த மாத்திரையோடு ஒருவன் வேலைக்குப் போய்த் திரும்பி வருகிறான், உயிரோடு இருக்கிறான். எனக்கு அது போதும்.

குடிநோய்க்குள்ளேயே ஆளுக்கு ஆள் மருந்து மாறும். டைசல்ஃபிராம் என்ற மாத்திரையைப் போட்டுவிட்டுக் குடித்தால் முகம் சிவந்து, வாந்தி, படபடப்பு. தினமும் கையில் கொடுக்க வீட்டில் ஒருவர் இருந்தால் நன்றாக வேலை செய்யும். இதயக் கோளாறு உள்ளவருக்கு ஆகாது. சாம்பாரில் தெரியாமல் கலந்து கொடுப்பதை தயவுசெய்து செய்யாதீர்கள். என்ன நடக்கிறதென்று தெரியாமலே ஒருவர் உயிருக்குப் போராட நேரும். நால்ட்ரெக்சோன் என்ற மாத்திரை குடிக்கும் ஆசையைத் தணிக்கும். ஆனால் அதே மாத்திரையை, ஊசிப் பழக்கத்தை விட்டு ஒரு வாரம், பத்து நாள்கூட ஆகாதவருக்குக் கொடுத்தால் அத்தனை உபாதையும் ஒரே மூச்சில் வந்து இறங்கும். ஈரல் கெட்டவருக்கு, குடியை விட்டபின் மறுபடி தொடாமல் இருக்க உதவும் அகாம்ப்ரோசேட் பார்க்கலாம், சிறுநீரகம் நன்றாக இருக்க வேண்டும். தினம் மூன்று வேளை மறக்காமல் போட வேண்டியதுதான் அதில் சிரமம்.

கஞ்சாவுக்கு இப்படி நிரூபணமான மருந்து எதுவும் இல்லை. மனநல ஆலோசனைதான் அங்கே வைத்தியம்.

சித்தப்பாவுக்கு டாக்டர் டைசல்ஃபிராம் எழுதினார். ஈரலையும் இதயத்தையும் பரிசோதித்து, அவருக்கே விளக்கிச் சொன்ன பிறகுதான். காலையில் காபிக்கு முன்னால் சித்தி மாத்திரையை நீட்டுவார், அவரும் கையை நீட்டுவார்.