டர்போ போடக் குடுக்கிறவர்கள் கவனம்: ஒரு 5எல் கெப்பைக் கழற்றியபோது கண்டவை

வன்னியில் 3எல், 5எல் டீசல் எஞ்சின் உள்ள டொயோட்டா ஹைலக்ஸ் வைத்திருப்பவர்களிடம் இப்போது அடிக்கடி கேட்கிற கதை, "ஒரு டர்போவைப் போட்டால் மணலுக்கும் வயலுக்கும் நல்லா இழுக்கும்" என்பது. கதை சரிதான், எக்ஸோஸ்ட் புகையால் சுற்றுகிற டர்போ எஞ்சினுக்குள் கூடுதல் காற்றை அழுத்தித் தள்ளும். ஆனால் ஏ9 வீதியோரக் கராஜ் ஒன்றில் அப்படிப் போட்டுக் குடுத்த ஒரு 5எல் டபுள் கெப், ஒரு சிறுபோகம் முடியிறதுக்குள்ளேயே மூன்றாம் பிஸ்டன் உருகி நின்றுவிட்டது. சிலிண்டர்களின் மேல்மூடியான ஹெட்டிலும் வெடிப்பு. கராஜின் பெயரை இங்கே போடவில்லை. செய்த வேலையைக் கழற்றிப் பார்த்ததில் என்ன கிடைத்தது என்பதை மட்டும் எழுதுகிறோம். இதே மாதிரி வேலையை வேறு இடங்களிலும் கண்டிருக்கிறோம்.

பில்லில் இருந்தது ஒரே வரி: "டர்போ ஃபிட்டிங் ஃபுல் செட்". வாயால் சொன்னது நிறைய. ஜப்பான் ரீகண்டிஷன் சிடி20 டர்போ, மெனிஃபோல்ட் (எஞ்சினின் புகையைச் சேர்த்து டர்போவுக்குக் கொண்டுபோகிற குழாய்), ஒயில் லைன், எக்ஸோஸ்ட் பைப், பம்ப் செட்டிங், ஆறு மாத உத்தரவாதம். வாகனம் நின்றபிறகு சொன்னது வேறு: "அண்ணை, நீங்கள் ஒயில் மாத்தேல்லை. டர்போ சீல் போயிட்டுது. புதுசு ஒண்டு போடவேணும்." ஒயில் நேரத்துக்கு மாற்றிய பில் காட்டினாலும் பேச்சு மாறவில்லை. உத்தரவாதம் எழுத்தில் இல்லை.

முதலில் டீசல் பம்ப். எஞ்சினைக் கொன்றது இதுதான், ஏமாற்று வேலையும் இங்கேதான் அதிகம்.

5எல் எஞ்சின் 2986 சிசி, கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் காற்று எத்தனை மடங்கு நெருக்கப்படுகிறது என்ற அளவு) 22.2க்கு 1, டீசல் நேரே பிஸ்டன் மேல் அடிக்காமல் ஹெட்டுக்குள் இருக்கிற சின்ன அறைக்குள் அடிக்கிற வகை. டர்போ இல்லாமல் ஓடவென்று கட்டிய எஞ்சின். இதற்கு 7 அல்லது 8 பிஎஸ்ஐ பூஸ்ட் (டர்போ தள்ளுகிற காற்றின் அழுத்தம்), அதாவது ஏறக்குறைய அரை பார், தாங்கும். அதற்கேற்ற அளவு டீசலை மட்டும் கூட்டினால் வருஷக்கணக்கில் ஓடும். டீசல் எஞ்சினில் காற்றுக் கூடினால் சூடு குறையும், டீசல் கூடினால் சூடு ஏறும். இதைத் தெரிந்த பாஸ்மார் முதலில் காற்றைக் கூட்டி, மீற்றரைப் பார்த்துப் பார்த்துத்தான் டீசலைக் கூட்டுவார்கள்.

இந்தக் கராஜில் நடந்தது தலைகீழ். பம்பின் பின்பக்கம் முழுச்சுமை ஸ்க்ரூ என்று ஒன்று இருக்கிறது. பூட்டு நட் போட்டு, கம்பனி அடையாளத்தோடு வரும். அதை உள்ளே முறுக்கினால் எல்லா வேகத்திலும் டீசல் கூடும். கால் சுற்றே பெரிய மாற்றம். கழற்றிய பம்பில் அந்த ஸ்க்ரூ ஒரு சுற்றுக்கும் மேலே உள்ளே போயிருந்தது. நட்டின் மூலைகள் பிளையரால் பிடித்துத் தேய்ந்து கிடந்தன. ஸ்க்ரூவை உள்ளே விட்டால் ஐட்லிங் ஏறும். அதை மறைக்க ஐட்லிங் ஸ்க்ரூவையும் வெளியே எடுத்திருந்தார்கள். அதனால் உரிமையாளருக்குச் சந்தேகமே வரவில்லை.

டர்போவோடு கம்பனியில் வரும் பம்பில் மேலே ஒரு டயஃப்ரம் மூடி இருக்கும். பூஸ்ட் வந்தபிறகுதான் அது கூடுதல் டீசலை விடும். 5எல் பம்பில் அது இல்லை. ஆகவே ஸ்க்ரூவை முறுக்கிவிட்டால், டர்போ சுற்றத் தொடங்க முன்னமே டீசல் கொட்டும். கறுப்புப் புகை அள்ளிவரும், வாகனம் "பறக்கிற" மாதிரித் தெரியும். அந்த உதைப்பில் பாதி டர்போவுடையது இல்லை. டர்போ போடாமலே அந்த ஸ்க்ரூவை முறுக்கினாலும் கொஞ்சம் அப்படித்தான் இழுக்கும். பரந்தனிலிருந்து ஏ9இல் கொஞ்சத் தூரம் ஓட்டிக் காட்டினால் யாரும் மயங்குவார்கள். சமமான தார் றோட்டில், சுமை இல்லாமல், நாலு நிமிஷ ஓட்டத்தில் எக்ஸோஸ்ட் சூடு உச்சத்துக்கு ஏறுவதே இல்லை. நாயாறுப் பக்கம் மணலில், பின்னால் சுமையோடு, லோ கியரில், அக்சிலேட்டரை முழுக்க மிதித்தபடி பத்து நிமிஷம் போனால் ஏறும். இந்தக் கெப்பும் அப்படித்தான் போயிருக்கிறது.

எக்ஸோஸ்ட் சூட்டை அளக்கிற மீற்றர் போடாத கராஜுக்கு டர்போ வேலை குடுக்கவே வேண்டாம். பைரோமீட்டர் என்று கேளுங்கள். அதன் முனை டர்போவுக்கு முன்னால், மெனிஃபோல்ட்டில் துளைத்துப் பூட்டப்பட வேண்டும். டர்போவுக்குப் பின்னால் பூட்டினால் சுமையில் 100 பாகைக்கு மேலேயும் குறைத்துக் காட்டும், அது ஆறுதலுக்கு மட்டும்தான் உதவும். முன்னால் பூட்டிய மீற்றரில், தொடர்ந்து இழுக்கும்போது 650 பாகை செல்சியசுக்குள் வைத்திருக்க வேண்டும். 700ஐத் தொட்டால் காலை எடுக்க வேண்டும். அலுமினியம் 660 பாகையில் உருகும். பிஸ்டன் அதற்கு முன்னமே இளகிவிடும். ரிங் வழியாகவும் அடியில் ஒயிலாலும் சூடு வெளியேறுகிறதால்தான் தப்பி நிற்கிறது. டர்போவோடு கட்டப்பட்ட பல எஞ்சின்களில் பிஸ்டனின் அடிக்கு ஒயில் பீச்சுகிற குழாய்கள் வைத்திருப்பது இதற்காகத்தான்.

பூஸ்ட் மீற்றரும் இருக்கவில்லை. இருந்திருந்தால் அடுத்த திருட்டு அன்றைக்கே பிடிபட்டிருக்கும். பூஸ்ட் அளவுக்கு மேலே ஏறாமல் புகையைத் திறந்து விடுகிற கதவுதான் வேஸ்ட்கேட். அதற்குப் போகிற சின்ன ரப்பர் குழாய்க்குள் ஒரு ஸ்க்ரூவை வைத்து அடைத்து, மேலே கிளிப் போட்டிருந்தார்கள். அப்படிச் செய்தால் வேஸ்ட்கேட் தன் நேரத்துக்குத் திறக்காது, பூஸ்ட் கட்டுப்பாடில்லாமல் ஏறும். 22.2 கம்ப்ரஷன் உள்ள எஞ்சினுக்கு அது ஹெட் காஸ்கட்டையும் ஹெட்டையும் கேட்கிற வேலை.

டர்போவைப் பற்றி. பெயர்ப்பலகை இருந்த இடம் கிரைண்டரால் இழைக்கப்பட்டு, மேலே புதுச் சில்வர் பெயின்ட். ரீகண்டிஷன் சாமானுக்குப் பெயின்ட் மினுமினுத்தால் உள்ளே விரலை விட்டுப் பாருங்கள். காற்றுப் பக்கச் சக்கரத்தின் இதழ் நுனிகள் கூராக, ஒரே சீராக இருக்க வேண்டும். இதில் நுனிகள் மழுங்கி, ஒன்று கடித்த மாதிரி இருந்தது. நிமிஷத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேலே சுற்றுகிற சக்கரம் அது. ஒரு இதழ் குறைந்தால் பலன்ஸ் போய், பெயரிங் போய்விடும்.

ஆட்டம் பார்க்கிறதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. டர்போச் சக்கரங்கள் பூட்டியிருக்கிற சாஃப்டைப் பக்கவாட்டில் ஆட்டினால் கொஞ்சம் ஆடும். சாதாரண புஷ் பெயரிங் டர்போவில் அது இருக்கவே வேண்டும், அந்த இடைவெளியில் ஒயில் நின்றுதான் சாஃப்டைத் தாங்கும். அதைக் காட்டி "இது பழுது" என்று வேறு டர்போ விற்கிறவர்களும் இருக்கிறார்கள். சக்கரத்தை ஒருபக்கம் அமர்த்தியபடி சுற்றும்போது இதழ் வெளிக்கூட்டில் உரசினால்தான் கழிவு. முன்பின் ஆட்டம் கையில் தெரியவே கூடாது. தெரிந்தால் திரஸ்ட் பெயரிங் முடிந்துவிட்டது என்று அர்த்தம். இந்த டர்போவில் அது கையால் இழுத்தாலே டக் டக் என்று கேட்டது.

அடுத்தது ஒயில் திரும்பிவரும் பாதை. கராஜ்காரர் "சீல் போயிட்டுது" என்று சொன்னாரே, அந்தக் கதைக்கான விடை இங்கே இருக்கிறது. டர்போவுக்குள் நாங்கள் நினைக்கிற மாதிரி ரப்பர் சீல் இல்லை. பிஸ்டன் ரிங் மாதிரி மெல்லிய இரும்பு ரிங்தான். ஒயில் கீழே தன்பாட்டில் விழுந்துகொண்டிருந்தால் அது போதும். கீழே போக வழியில்லாவிட்டால் புது டர்போவென்றாலும் இரண்டு பக்கத்தாலும் ஒயில் கக்கும், நீலப் புகை வரும். ஆகவே திரும்பும் குழாயின் உள்விட்டம் 16 மில்லிமீற்றருக்குக் குறையக் கூடாது, 19 இருந்தால் நல்லது. செங்குத்தாகவோ அதற்குக் கிட்டவோ இறங்க வேண்டும். எஞ்சினின் அடியில் ஒயில் நிற்கிற தொட்டியான சம்ப்பில், ஒயில் மட்டத்துக்கு மேலேதான் சேர வேண்டும்.

இங்கே போட்டிருந்தது அரை இஞ்சி ஹீற்றர் ஹோஸ். அது நடுவில் தொட்டில் மாதிரித் தொங்கி, பிறகு மேலே ஏறி, சம்ப்பில் ஒயில் மட்டத்துக்குக் கீழே ஓட்டை போட்டு ஒட்டவைத்த நிப்பிளில் முடிந்தது. டர்போவின் அடி ஃபிளாஞ்சை (குழாயைப் பூட்டுகிற தகட்டு முகம்) கழற்றியதும் காஸ்கட் இல்லை, செம்மஞ்சள் சிலிக்கோன் பசை. பிதுங்கி உள்ளே போன பசை கட்டியாகிப் பாதிக் குழியை அடைத்து நின்றது. ஒயில் பாதையில் பசை எந்த இடத்திலும் கூடாது. வெட்டிய காஸ்கட் அல்லது செப்பு வாஷர்தான். மேலே ஒயில் கொண்டுபோகிற குழாயோ சாதாரண டீசல் ஹோஸ், எக்ஸோஸ்டுக்கு நாலு விரல் தூரத்தில். அது வெடித்திருந்தால் வாகனமே எரிந்திருக்கும்.

இதோடு சேர்ந்தது எஞ்சினின் சொந்த மூச்சு. பழைய எஞ்சினில் ரிங் தேய்ந்து, எஞ்சினின் அடிக்கூடான கிராங்க் கேசுக்குள் காற்றழுத்தம் ஏறினால், டர்போவிலிருந்து இறங்குகிற ஒயிலை அது மேலே தள்ளும். ஆகவே டர்போ போட முன்னம் கம்ப்ரஷன் பார்க்கவேண்டியது கட்டாயம். சிலிண்டருக்குச் சிலிண்டர் 5 கிலோவுக்கு (சதுர சென்ரிமீற்றருக்கு) மேல் வித்தியாசம் வந்தால் அந்த எஞ்சினுக்கு முதல் தேவை ரிங்கும் வால்வும்தான். சும்மா ஒரு சோதனை: ஐட்லிங்கில் ஒயில் மூடியைக் கழற்றித் தலைகீழாக அதே வாயில் வையுங்கள். துள்ளி விழுந்தால் டர்போ பற்றிப் பிறகு யோசிக்கலாம். இந்தக் கராஜில் கம்ப்ரஷன் மீற்றர் வெளியிலேயே வரவில்லை.

மெனிஃபோல்ட் தண்ணீர்ப் பைப்பில் செய்தது. கல்வனைஸ் பூச்சோடு அப்படியே வெட்டி வெல்டிங்கால் ஒட்டியிருந்தார்கள். ஃபிளாஞ்ச் 6 மில்லிமீற்றர் தகடு, சூட்டில் வளைந்து, காஸ்கட் வழியே கரி கக்கியிருந்தது. டர்போவின் பாரம் முழுக்க அந்த ஒட்டில் தொங்கியதால் ஒட்டு வெடித்துவிட்டது. வெடிப்பால் வெளியே போகிற புகை டர்போவைச் சுற்றாது. 2எல்டி எஞ்சினில் வருகிற வார்ப்பு மெனிஃபோல்ட்டை எடுத்துப் போடுவது இந்த எஞ்சின்களுக்குப் பழகிய வழி. கிடைக்காவிட்டால் தடித்த சுவர் இரும்புப் பைப்பும் 10 அல்லது 12 மில்லிமீற்றர் ஃபிளாஞ்சும், ஒட்டியபிறகு லேத்தில் முகம் வெட்டியும் போட வேண்டும். டர்போவுக்குக் கீழே ஒரு தாங்கியும் வேண்டும்.

காற்றுப் பக்கம். கம்பனி ஏர் ஃபில்டர் பெட்டியைக் கழற்றி எறிந்துவிட்டு, பொனட்டுக்குள் திறந்தபடி ஒரு கூம்பு ஃபில்டர். சோளகம் வீசுகிற மாதங்களில் ஒட்டுசுட்டான், நெடுங்கேணிப் பக்கம் கிரவல் றோட்டில் டிப்பருக்குப் பின்னால் போனவர்களுக்கு இதற்கு மேலே விளக்கம் வேண்டியதில்லை. பைப்பின் உள்ளே விரலால் தடவினால் செம்மண்ணும் ஒயிலும் சேர்ந்த சாந்து வந்தது. மூடிய பெட்டி, தூசைச் சுழற்றித் தள்ளுகிற முன்தலை, நல்ல கிளிப் போட்ட சிலிக்கோன் ஹோஸ், இவை டர்போவின் விலையோடு சேர்த்தே கணக்குப் பண்ண வேண்டியவை. கசிவு பார்க்கச் சவர்க்காரத் தண்ணீர் போதும். மாரியில் தண்ணீர் கடக்கிறவர்கள் காற்றுவாய் உயரத்தையும் கேட்டுப் பார்க்க வேண்டும்.

வேலை முடிந்து முதன்முதல் ஸ்டார்ட் பண்ணும்போது நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள். டர்போவின் ஒயில் துளைக்குள் முதலில் கையால் ஒயில் விடவேண்டும். பிறகு பம்பில் டீசலைத் திறந்து மூடுகிற சொலினொயிட்டின் வயரைக் கழற்றி, எஞ்சின் பற்றாமல் பத்துப் பதினைந்து செக்கனாக விட்டுவிட்டுச் சுற்றி, திரும்பும் குழாயால் ஒயில் வருவதைக் கண்டபிறகே வயரைப் பூட்ட வேண்டும். நேரே சாவியைத் திருப்பி ரேஸ் பண்ணிக் காட்டுகிற இடத்தில் பெயரிங் அந்த நிமிஷமே கீறுப்பட்டுவிடும்.

பம்பைச் செட் பண்ணியபின் முழுச்சுமை ஸ்க்ரூவுக்கும் நட்டுக்கும் குறுக்கே பெயின்ட் கோடு ஒன்று இழுக்கச் சொல்லி, படம் எடுத்து வையுங்கள். ஓட்டிப் பார்ப்பது சுமையோடு, மணலிலோ ஏற்றத்திலோ, இரண்டு மீற்றரையும் பார்த்தபடி. கறுப்புப் புகையோடு வெளியே விட்டால் புகைப் பரிசோதனையிலும் விழும். அந்தச் சான்றிதழ் இல்லாமல் வருமான அனுமதிப்பத்திரம் எடுக்க ஏலாது.

பில்லில் டர்போவின் மாடல், இலக்கம், பூஸ்ட் அளவு, உத்தரவாதக் காலம் நாலும் தனித்தனியாக எழுதப்பட வேண்டும். கராஜ் மறுத்தால் காசு குடுக்க முன்னம் யோசியுங்கள். பிரச்சினை வந்தால் நுகர்வோர் விவகார அதிகார சபைக்கு 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி முறையிடலாம். முறைப்பாடு எழுத்தில், சேவை பெற்று மூன்று மாதத்துக்குள் போக வேண்டும். அவர்களின் தொலைபேசி இலக்கம் 1977. "அடுத்த கிழமை வாங்கோ, பாத்துச் செய்து தாறன்" என்று அந்த மூன்று மாதத்தையும் இழுத்தடிப்பார்கள். ஆகவே முதல் தடவை அப்படிச் சொல்லும்போதே கடிதத்தை எழுதி அனுப்பிவிடுங்கள். பேச்சுவார்த்தை பக்கத்தில் நடக்கட்டும்.

பழுதான டர்போவைக் கராஜில் விட்டுவிட்டு வர வேண்டாம். "இது இனி இரும்புக்குத்தான், நாங்களே எறிஞ்சு விடுறம்" என்பார்கள். முறைப்பாட்டுக்கு அதுதான் சான்று. விட்டுவிட்டு வந்தால், இன்னொரு கையிலே சில்வர் பெயின்ட் அடித்து அது வேறொரு கெப்புக்குள் ஏறும்.