ஓசி சேனல், யார் காசு?

ஈரோட்டில் ரயில் ஓட்டி ரிட்டயர் ஆனவன் நான். போன வருஷம் மகன் டிவியில் என்ஹெச்கே வேர்ல்டு-ஜப்பான் ஆப்பை ஏற்றிக் கொடுத்தான். ஜப்பானின் பொது ஒளிபரப்பு நிறுவனமான என்ஹெச்கே வெளிநாட்டினருக்காக நடத்தும் சேனல் அது. சந்தா கிடையாது, நடுவில் சோப்பு விளம்பரமும் வராது. இலவசம் என்றால் யார் காசு என்று துருவுவது என் பழக்கம். ஜப்பானில் டிவி வைத்திருக்கும் வீடுகள் கட்டும் கட்டணம் ஒரு பங்கு. வெளிநாட்டு ஒளிபரப்புக்கென அரசாங்கம் தரும் பணம் இன்னொரு பங்கு.

'ஜப்பான் ரயில்வே ஜர்னல்' பார்த்த முதல் நாளே விழுந்துவிட்டேன். வெள்ளைக் கையுறை போட்ட ஓட்டுநர் சிக்னலை விரலால் சுட்டி, வாய்விட்டுச் சொல்கிறார். கேபினில் வேறு ஆளே இல்லை! எங்கள் இன்ஜினில் அசிஸ்டன்ட் சொல்ல, நான் திருப்பிச் சொல்வேன். இந்த மனுஷன் தனக்குத்தானே சொல்லிக்கொள்கிறார், கை நடுங்காமல். 'எங்கள் ரயில்தான் உசத்தி' என்று வர்ணனையில் ஒரு வார்த்தை இல்லை. அதைச் சொன்னது நான்தான், வீட்டுக்காரியிடம், மூன்று தடவை. "சம்பளம் வாங்காம அவங்களுக்கு வேலை பாக்கறீங்க" என்றாள். ரஷ்ய அரசின் ஆர்டி சேனல் சட்டையைப் பிடித்து உலுக்கிப் பேசும். நமக்கே உஷார் வந்துவிடும். இது காபி கொடுத்து உட்கார வைக்கிற ரகம்.

செய்தி சுமார்தான். ஒரே தொகுப்பு மணிக்கு மணி திரும்பி வரும். தீவுத் தகராறு என்று வந்தால் டோக்கியோவின் குரல்தான். 2014 ஜனவரியில் என்ஹெச்கேவின் புதுத் தலைவராக வந்த மொமீ கட்சுதோ இதை மறைக்கவே இல்லை: அரசாங்கம் வலது என்றால் நாம் இடது என்று சொல்ல முடியாது என்றார், அதுவும் வெளிநாட்டு ஒளிபரப்பைப் பற்றிப் பேசும்போது. 2024 ஆகஸ்டில் இவர்களின் சீனமொழி வானொலியில் செய்தி வாசித்தவர், கையிலிருந்த தாளை விட்டு விலகி, ஜப்பான் கையில் இருக்கும், சீனாவும் உரிமை கேட்கும் சென்காகு தீவுகள் சீனாவுடையவை என்று சொல்லிவிட்டார். மொத்தமே இருபது விநாடி சொச்சம். அப்போதைய என்ஹெச்கே தலைவரே மன்னிப்புக் கேட்க வேண்டியதாயிற்று.

ரயிலுக்கு ஐந்துக்கு ஐந்து, செய்திக்கு இரண்டு. சமையல் நிகழ்ச்சியை வீட்டுக்காரி பார்க்கிறாள். மிசோ என்கிற சோயா விழுது எங்கே கிடைக்கும் என்று கேட்க ஆரம்பித்துவிட்டாள், இப்போது யார் வேலை பார்க்கிறார்களாம்? ஒற்றைப்படை மாதங்களில் மட்டும் ரிமோட் எங்கள் இருவர் கையிலும் இருக்காது. அப்போது சுமோ மல்யுத்தப் போட்டி 15 நாள் நடக்கும். பேரன் விடமாட்டான்.