ரைட்-த்ரூவா, ரைட்-பேக்கா? ரெய்டு 5-இல் எதை நம்புவது

சர்வரில் ரெய்டு கார்டு (பல டிஸ்க்குகளைச் சேர்த்து ஒன்றாக நடத்தும் கார்டு) மாட்டும்போதெல்லாம் இந்தப் பேச்சு வந்துவிடும். "டேட்டா முக்கியம், ரைட்-த்ரூவிலேயே இருக்கட்டும்" என்பார் ஒருவர். "அப்புறம் ஒரு பில் போட்டுவிட்டு, அது சேவ் ஆவதற்குள் டீ குடித்துவிட்டு வரலாம்" என்பார் இன்னொருவர்.

ரைட்-த்ரூவில் டிஸ்க்கில் எழுதி முடித்த பிறகுதான் கார்டு "ஆச்சு" என்று சொல்லும். ரைட்-பேக்கில் தன் மெமரிக்கு வந்ததுமே சொல்லிவிடும். டிஸ்க்கில் பிறகு இறக்கிக்கொள்ளும். ரெய்டு 5 என்பது டேட்டாவோடு பாரிட்டி என்ற எண்ணையும் டிஸ்க்குகளில் பரப்பி வைக்கும் முறை; ஒரு டிஸ்க் செத்தால் அதை வைத்துக் கணக்குப் போட்டு மீட்கலாம். அதில் சின்ன மாற்றத்துக்கும் நான்கு வேலை: பழைய டேட்டாவையும் பழைய பாரிட்டியையும் படிக்கணும், இரண்டையும் புதிதாக எழுதணும். 7200 ஆர்பிஎம் டிஸ்க் ஒரு சுற்றுச் சுற்ற 8.3 மில்லிசெகண்ட். படித்த இடத்திலேயே எழுத, அந்த இடம் மறுபடி சுற்றி வரணும். மந்தம் அங்கேதான்.

மந்தமானாலும் ரைட்-த்ரூ பாதுகாப்பு என்று நினைக்கிறோம். கரண்ட் போனாலும் கார்டின் மெமரியைக் காக்கும் பேட்டரி இல்லாத கார்டில் அது பாதி உண்மைதான். மூன்று டிஸ்க் வைத்துக்கொள்வோம். ஒன்றில் 5, இன்னொன்றில் 3, மூன்றாவதில் பாரிட்டி 6 (எக்ஸ்-ஆர் கணக்கு: இரண்டு எண்களையும் பிட் பிட்டாக ஒப்பிட்டு, வேறுபட்டால் 1, ஒன்றானால் 0; 101-உம் 011-உம் சேர்ந்தால் 110). 5-ஐ 4 ஆக்குகிறோம். பாரிட்டி 7 ஆகணும். 4 எழுதியாச்சு, 7 எழுதும் முன் கரண்ட் போச்சு. திரும்பி வந்ததும் பாரிட்டி முழுவதையும் சரிபார்த்துத் திருத்தினால் தப்பித்தோம். அதற்குள் 3 இருந்த டிஸ்க் செத்தால், 4-ஐயும் 6-ஐயும் வைத்துக் கணக்குப் போட்டு 2 என்று தரும். யாருமே தொடாத டேட்டா மாறிப்போச்சு! இதைத்தான் ரைட் ஹோல் என்கிறார்கள்.

பேட்டரி உள்ள ரைட்-பேக்கில் அந்த 7 கார்டு மெமரியில் உயிரோடு இருக்கும். கரண்ட் வந்ததும் எழுதி முடித்துவிடும். வேகமும் கூட, இந்த ஓட்டையும் அடைபடும். ஆனால் பேட்டரி சில வருஷங்களில் சோர்ந்துவிடும். கொஞ்ச நேரத்துக்கு மின்சாரம் தேக்கி வைக்கும் சூப்பர் கெபாசிட்டரும், கரண்ட் இல்லாமலும் மறக்காத ஃப்ளாஷும் உள்ள கார்டு இன்னும் நல்லது: கரண்ட் போனதும் மெமரியில் இருப்பதை ஃப்ளாஷில் கொட்டிவிடும், எத்தனை நாள் கழித்து வந்தாலும் இருக்கும்.

மூன்றாவதாக ஒரு விஷம் உண்டு: "எப்போதும் ரைட்-பேக்", அதாவது பேட்டரி செத்தாலும் ரைட்-பேக்கிலேயே ஓட்டும் செட்டிங். பேட்டரி தன்னைச் சோதித்துக்கொள்ளும்போது சில கார்டுகள் தானாக ரைட்-த்ரூவுக்கு இறங்கும். நான் பார்த்துக்கொண்ட ஓர் அலுவலகத்தில் அந்த நாட்களில் "சர்வர் ஸ்லோ" என்று போன் வரும். தொல்லை தாங்காமல் நானே அதைப் போட்டுவிட்டேன். போனும் நின்றது. பேட்டரி செத்ததும் யாருக்கும் தெரியவில்லை. ஒரு நாள் யுபிஎஸ் கைவிட்டது. அப்புறம் டேட்டாபேஸ் திறக்கவே இல்லை. பேக்கப்பிலிருந்து எடுக்க ஒரு நாள் முழுக்கப் போனது.

எல்லாம் சரியாக வைத்தும் பலர் விட்டுவிடுவது டிஸ்க்கின் சொந்தக் கேஷ், அதாவது டிஸ்க்குக்குள்ளேயே இருக்கும் தற்காலிக மெமரி. 64 முதல் 512 எம்பி வரை இருக்கும். கார்டின் பேட்டரி அதைக் காப்பாற்றாது. ரெய்டு கார்டுக்குக் கீழே இருக்கும் டிஸ்க்குகளில் அதை அணைத்துவிடுவேன்.

கார்டே வேண்டாம் என்றால் இசட்எஃப்எஸ்: டிஸ்க்குகளைச் சேர்த்து நடத்தும் வேலையையும் தானே பார்க்கும் ஃபைல் சிஸ்டம். 2005-இல் சன் வெளியிட்டது. பழைய பிளாக்கின் மேல் எழுதாது, வேறு இடத்தில் எழுதிவிட்டுச் சுட்டியை மாற்றும். அதனால் ரைட் ஹோல் இல்லை. டிஸ்க் கேஷையும் அணைக்க வேண்டாம், தேவையான இடத்தில் "இறக்கு" என்று அதுவே கட்டளை தரும். லினக்ஸ் கார்டு இல்லாமல் தானே செய்யும் எம்டி ரெய்டிலும் கர்னல் 4.4 முதல் ஜர்னல் (எழுதப்போவதை முதலில் குறித்துவைக்கும் இடம்) வைக்கலாம்.

பேட்டரியோ ஃப்ளாஷோ உள்ள கார்டு ஏற்கெனவே இருந்தால் அதிலேயே ரைட்-பேக் போடுவேன், பேட்டரி போனால் மெயில் வரும்படி. புதிதாக வாங்குவதென்றால் டிஸ்க்குகளை இணைக்க மட்டும் செய்யும் சாதா எச்பிஏ கார்டும் இசட்எஃப்எஸும். டேட்டாபேஸ் ஓடினால், இசட்எஃப்எஸ் அவசரமாக எழுத வேண்டியதை முதலில் குறித்துவைக்கும் லாகுக்குத் தனி எஸ்எஸ்டி வைக்கலாம்; லேப்டாப்பிலிருந்து கழற்றியதை மாட்டாதீர்கள், கரண்ட் போனால் கடைசியாக எழுதியதை அதுவும் மறந்துவிடலாம். உள்ளே கெபாசிட்டர் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.