பயோகேஸ் டேங்கா, உரத் தொட்டியா?

வியாசர்பாடியில் எங்கள் பள்ளியின் சத்துணவுக் கூடத்தில் தினமும் பத்து, பன்னிரண்டு கிலோ கழிவு சேரும். மீந்த சோறு, காய்த்தோல், முட்டை ஓடு.

மாநகராட்சி வண்டியில் கொடுத்துவிடுவது சுலபம்தான். காகிதமும் பிளாஸ்டிக்கும் இன்றும் அதில்தான் போகின்றன. ஆனால் சோற்றையும் சேர்த்துக் கட்டிக் கொடுத்தால் போய்ச் சேருவது பக்கத்துக் கொடுங்கையூர் குப்பைமேடு. காற்று திரும்புகிற நாளில் அந்த நாற்றம் வகுப்பறைக்கே வந்து உட்கார்ந்துகொள்ளும்.

சோற்றை இங்கேயே தீர்க்க இரண்டு வழி: மூடிய டேங்கில் அழுகவைத்து அடுப்புக்கு வாயு எடுக்கும் பயோகேஸ், இல்லையென்றால் மட்கவைக்கும் உரத் தொட்டி. கணக்குப் போட்டால் பயோகேஸ்தான் ஜெயிக்கும். பத்து கிலோ சோற்றுக் கழிவுக்கு ஏறக்குறைய ஒரு கன மீட்டர் வாயு. சிலிண்டர் கேஸில் அரைக் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. நாங்களும் ஓராண்டு வைத்திருந்தோம். முதல்முறை நீலமாக எரிந்தபோது சமையல் அக்கா பால் காய்ச்சி எல்லோருக்கும் டீ போட்டுக் கொடுத்தார்.

கவிழ்த்தது லீவு. டேங்குக்குள் இருக்கும் நுண்ணுயிர்களுக்குத் தினமும் தீனி வேண்டும், ஆனால் மே மாதம் பள்ளியே பூட்டிக் கிடக்கும். ஜூனில் வந்து குச்சி கிழித்துக் காட்டினால் பற்றவில்லை. சரி, சீக்கிரம் தேறட்டும் என்று சோற்றை அள்ளிக் கொட்டினோம். உள்ளே புளித்து இன்னும் மோசமானது. சாணி கரைத்து ஊற்றி மறுபடி முதலிலிருந்து. காலாண்டு, அரையாண்டு விடுமுறை, புயல் மழைக்கு விடும் லீவு என்று ஒவ்வொன்றுக்கும் யார் வந்து ஊற்றுவது? பொருத்தியவர்கள் இதைச் சொல்லவே இல்லை.

உரத் தொட்டி காத்திருக்கும். ஒரு பங்கு சோற்றுக் கழிவுக்கு இரண்டு பங்கு காய்ந்த சருகு; எங்கள் தூங்குமூஞ்சி மரம் கொட்டுவதே போதும். வாரம் ஒருமுறை கிளறுவோம். ஒரு பிடி அள்ளிப் பிழிந்தால் ஒன்றிரண்டு சொட்டுதான் வர வேண்டும்; ஒழுகினால் இன்னும் சருகு. முழுப்பரீட்சை முடிந்ததும் மூடிவிட்டுப் போனோம், திறந்தபோது மண்வாசனை அடித்தது. முட்டை ஓடு மட்டும் அப்படியே கிடந்தது, அதை நொறுக்கித்தான் போட வேண்டும். ஐப்பசி மழையில் மேலே தகரம் இல்லாவிட்டால் புழு நெளியும். பெருச்சாளித் தொல்லைக்கு அடியில் கம்பிவலை.

ஆண்டு முழுவதும் அடுப்பு எரிகிற விடுதி, ஆஸ்பத்திரிச் சமையல்கூடம் என்றால் டேங்க் சரிப்படலாம். 2016-ல் வந்த திடக்கழிவு மேலாண்மை விதிகள் நாளுக்கு 100 கிலோவுக்கு மேல் குப்பை சேரும் இடங்களைத் தனியாகப் பிரித்தன. அந்த அளவை நான் கையாண்டதில்லை.

எங்கள் டேங்க் இன்னும் பின்புறம்தான் நிற்கிறது. விற்கலாம் என்று விசாரித்தால் பிளாஸ்டிக் எடைக்குத்தான் கேட்கிறார்கள்.