கீபோர்டு முதல் கைரேகை மெஷின் வரை: செவ்வாய்பேட்டையில் எட்டு வருஷம், அப்புறம் ஏற்காடு

கம்ப்யூட்டர் வாங்கலாம் என்று யோசனை கேட்டு வருகிறவர்கள் எல்லாரும் முதலில் கேட்பது ரேம் எவ்வளவு, ப்ராசஸர் எது என்பதுதான். நான் 2008-ல் சேலம் செவ்வாய்பேட்டையில் ஒரு டிடிபி கடையில் வேலைக்குச் சேர்ந்தேன், கொஞ்ச நாளில் பக்கத்துத் தெருவிலேயே சொந்தமாக ஒரு சின்னக் கடை போட்டேன், 2016-ல் கல்யாணமாகி ஏற்காடு வந்ததிலிருந்து இங்கே ஜெராக்ஸ், ஆன்லைன் விண்ணப்பம், பிரிண்ட் என்று ஓடிக்கொண்டிருக்கிறது. இத்தனை வருஷத்தில் ஒரு ப்ராசஸர்கூட என்னிடம் செத்ததில்லை. செத்ததெல்லாம் மவுஸ், ஸ்கேனர், பிரிண்டர், ஒரு மோடம். விரல் படுகிற இடம், காகிதம் நுழைகிற இடம், ஈரக்காற்று புகுகிற இடம், அங்கேதான் எல்லாக் கோளாறும். அதனால் இந்தப் பகிர்வில் பெட்டிக்குள் இருப்பதைப் பற்றி ஒரு வரிகூட வராது.

போன வாரம் எட்டாவது படிக்கிற பெண் ஒருத்தி சார்ட் பேப்பரைச் சுருட்டிக்கொண்டு வந்தாள். நடுவில் கோடு போட்டு, ஒரு பக்கம் உள்ளீட்டுக் கருவிகள், மறுபக்கம் வெளியீட்டுக் கருவிகள். "அக்கா, டச் ஸ்கிரீன் எந்தப் பக்கம் போடட்டும்?" ரெண்டு பக்கமும் போடு என்றேன், முறைத்தாள். ஆனால் உண்மை அதுதானே. விரல் தொடுவதை உள்ளே வாங்கிக்கொள்கிறது, படத்தை வெளியே காட்டுகிறது. ஹெட்செட்டும் அப்படித்தான், மைக் உள்ளே வாங்கும், காதில் மாட்டுவது வெளியே தரும். பென்டிரைவை உள்ளீட்டில் எழுதியிருந்தாள், அது சேமித்து வைக்கிற பொருள், தனிச் சாதி என்று அடிக்க வைத்தேன். ஸ்கேனருக்குப் பாடத்தில் 'வருடி' என்று போட்டிருக்கிறது. யார் வைத்த பேரோ, கண்ணாடிக்கு அடியில் அந்த வெளிச்சக் கோடு மெல்ல நகர்வதைப் பார்க்கும்போதெல்லாம் அந்தச் சொல் எனக்குப் பிடிக்கிறது.

கீபோர்டிலிருந்து ஆரம்பிக்கிறேன். 2009-ல் வாங்கிய டிவிஎஸ் கோல்டு இன்னும் என் மேஜையில் இருக்கிறது. சாதா கீபோர்டு நாலைந்து வாங்குகிற காசு, அப்போது வீட்டில் திட்டு வாங்கினேன். சாதா கீபோர்டில் விசைகளுக்கு அடியில் ஒரே ரப்பர் விரிப்புதான், அது தளர்ந்தால் விசை அமுங்கி அப்படியே நின்றுவிடும். இதில் ஒவ்வொரு விசைக்கும் தனி சுவிட்ச், செர்ரி என்கிற கம்பெனியின் நீல நிறச் சுவிட்ச், ஒன்று 5 கோடி அழுத்தம் தாங்கும் என்று கணக்கு சொல்கிறார்கள். நான் எண்ணிப் பார்க்கவில்லை. எழுத்துகள் பாதி அழிந்துவிட்டன, சுவிட்ச் ஒன்றுகூடப் போகவில்லை. குறை என்றால் சத்தம், ராத்திரி குழந்தை தூங்கும்போது வேலை செய்ய முடியாது. இன்னொன்று, ரூபாய் குறி 2010 ஜூலையில்தான் அறிவிக்கப்பட்டது, அதனால் என் கீபோர்டில் அதற்கு விசை இல்லை. விண்டோஸில் இந்திய ஆங்கில அமைப்பை வைத்துக்கொண்டு வலது ஆல்ட்டையும் 4-ஐயும் சேர்த்து அழுத்தினால் வந்துவிடும், பில் போடுகிறவர்களுக்கு இது தெரிந்தால் போதும்.

தமிழ் அடிப்பதைப் பற்றியும் சொல்லணும். நான் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் கற்றவள், கண்ணுக்குத் தெரிகிற வரிசையில்தான் முதலில் அடித்துக்கொண்டிருந்தேன், 'கொ' என்றால் முதலில் கொம்பு, அப்புறம் க, அப்புறம் கால். 1999-ல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டுக்குப் பிறகு தமிழ்99 என்கிற கீபோர்டு அமைப்பை அரசு ஏற்றது. அதில் உயிரெழுத்துகள் இடது கை பக்கம், மெய் வலது கை பக்கம். 'அம்மா' என்று அடிக்க அ, ம, ம, ஆ என நாலே தட்டு, நடுவில் புள்ளி தானாக விழுந்துவிடும். பழைய பழக்கத்தை விட்டு இதற்கு மாற எனக்கு மூன்று மாதம் ஆனது, அந்த மூன்று மாதமும் கல்யாணப் பத்திரிகை சீசன், வாடிக்கையாளர்கள் முன்னால் தடவித் தடவி அடித்ததை நினைத்தால் இப்போதும் கூச்சமாக இருக்கிறது. ஆனால் புதிதாகக் கற்கிறவர்கள் யோசிக்காமல் தமிழ்99-க்கே போகலாம்.

மவுஸுக்குப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. அதைக் கண்டுபிடித்த டக்ளஸ் எங்கெல்பார்ட் 1968 டிசம்பரில் சான் பிரான்சிஸ்கோவில் ஊரறியக் காட்டியது அடியில் ரெண்டு சக்கரம் வைத்த பொருள். நான் பழகியது அடியில் உருண்டை இருந்த காலம். வாரம் ஒருமுறை உருண்டையைக் கழற்றி உள்ளே உருளையில் மோதிரம்போல் படிந்திருக்கும் அழுக்கை நகத்தால் சுரண்டுவோம், அதில் ஒரு திருப்தி இருந்தது என்பதையும் ஒத்துக்கொள்ளணும். இப்போதைய ஆப்டிகல் மவுஸில் அந்த வேலை இல்லை, ஆனால் ஒன்றரை வருஷத்தில் ஒரு தட்டு தட்டினால் ரெண்டு தட்டாக விழ ஆரம்பிக்கும். உள்ளே இருக்கும் சின்ன சுவிட்ச்சின் தகடு சோர்ந்துபோவதுதான் காரணம். விண்ணப்பத்தில் 'சமர்ப்பி' பொத்தானை அது ரெண்டு முறை அழுத்தி, ஒருவருக்குப் பணம் ரெண்டு தடவை போய்விட்டது. அன்றிலிருந்து சந்தேகம் வந்த மவுஸை அப்போதே மாற்றிவிடுகிறேன்.

செவ்வாய்பேட்டையில் என் வருமானத்தில் பாதி டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர் தந்தது. வெளியூர்க்காரர்களுக்கு ஆச்சரியமாக இருக்கும், இந்தக் காலத்தில் யார் அந்தக் கீச்சுச் சத்தத்தைப் பொறுத்துக்கொள்கிறார்கள் என்று. லாரி புக்கிங் ஆபீஸிலும் லீ பஜார் மண்டியிலும் ஒரே அடியில் மூன்று காப்பி வேண்டும். லேசரும் இங்க்ஜெட்டும் காகிதத்தை அடிப்பதில்லை, அதனால் கீழே இருக்கும் காகிதத்தில் ஒன்றும் பதியாது. டாட் மேட்ரிக்ஸ் ஊசிகள் ரிப்பனைக் குத்தும்போதுதான் கார்பன் வழியாக மூன்றாவது தாளிலும் எழுத்து விழும். 9 ஊசி மெஷினில் தமிழ் அடித்தால் 'ஞ'வும் 'இ'யும் சுழி அடைத்துக்கொண்டு பூச்சிபோல வரும், 24 ஊசி மெஷினில் படிக்கிற மாதிரி இருக்கும், ஆனால் தமிழ் படமாகப் போவதால் ஒரு பக்கத்துக்கு ஆகும் நேரத்தில் டீ குடித்துவிட்டு வரலாம். ரிப்பன் செலவைத் தவிர அதற்கு நான் எதுவும் செய்ததில்லை. ஏற்காட்டில் அதற்கு வேலை இல்லை என்பதால் விற்றுவிட்டேன், வாங்கியவர் இன்னும் ஓட்டுகிறார்.

மானிட்டர் பற்றி ஒன்றே ஒன்று. குழாய் மானிட்டரோ எல்இடியோ, திரை காட்டுவது வெளிச்சம், காகிதத்தில் விழுவது மை. வெளிச்சத்தைச் சேர்க்கச் சேர்க்க வெள்ளையாகும், மையைச் சேர்க்கச் சேர்க்கக் கறுக்கும். பத்திரிகைக்குத் திரையில் பார்த்த மாம்பழ மஞ்சள் அச்சில் கடுகு மஞ்சளாக வந்ததற்கு ஒரு மாப்பிள்ளை வீட்டார் கடை வாசலில் அரை மணி நேரம் சண்டை போட்டார்கள். அதற்கப்புறம் திரையைக் காட்டி யாரிடமும் சம்மதம் வாங்குவதில்லை, ஒரு தாள் அடித்துக் கையில் கொடுத்துத்தான் கேட்பேன்.

சரி, மலைக்கு வருவோம். சேலத்தில் எனக்கு எதிரி வெயிலும் தூசியும். இங்க் டேங்க் பிரிண்டரைச் சித்திரை மாதத்தில் பத்து நாள் சும்மா விட்டால் ஹெட்டில் மை காய்ந்து கோடு கோடாக வரும், அதைச் சுத்தம் செய்வதற்கே பாதி மை போய்விடும். 20 கொண்டை ஊசி வளைவு ஏறி வந்த பிறகு அந்தத் தொல்லை போய் வேறொன்று வந்தது. மூடுபனி நேரடியாகக் கடைக்குள் வந்து உட்காரும். பிரித்து வைத்த ஏ4 கட்டு ரெண்டே நாளில் அப்பளம் நமுத்த மாதிரி ஆகிவிடும். லேசர் பிரிண்டர் வேலை செய்வது மின்னேற்றத்தில், டோனர் தூளைக் காகிதம் இழுத்துக்கொள்ளணும், ஈரக் காகிதத்தில் அந்த மின்னேற்றம் கசிந்து போகும், எழுத்து வெளிறும். அப்புறம் தூளை உருக்கி ஒட்டுகிற ஃப்யூசர் உருளையில் கிட்டத்தட்ட 200 டிகிரி சூட்டில் காகிதத்தின் ஈரம் ஆவியாகி, வெளியே வரும்போது ஓலைபோலச் சுருண்டு வரும், அடுத்த தாள் அதில் முட்டி சிக்கும். முதல் வருஷம் பிரிண்டரில் கோளாறு என்று நினைத்து மெக்கானிக்குக் கொடுத்த காசு கொஞ்சநஞ்சமில்லை, அவரும் உருளையை மாற்றினார், தகட்டை மாற்றினார், காகிதத்தைத் தொட்டே பார்க்கவில்லை. கடைசியில் அரிசி டின் ஒன்றில் பாதிக் கட்டைப் போட்டு மூடி வைத்து, வேண்டும்போது ஐம்பது ஐம்பது தாளாக எடுக்க ஆரம்பித்தேன். சிக்கல் பத்தில் ஒன்றாகக் குறைந்தது.

ஸ்கேனர் வாங்குகிறவர்கள் டிபிஐ எண்ணை, அதாவது ஒரு அங்குலத்தில் எத்தனை புள்ளி என்பதை, பார்த்து ஏமாற வேண்டாம், சான்றிதழுக்கும் பட்டாவுக்கும் 300 தாராளம். பார்க்க வேண்டியது உள்ளே படத்தை வாங்குகிற பாகம் சிசிடி வகையா, சிஐஎஸ் வகையா என்பதை. மெல்லிசாக அழகாக இருப்பது சிஐஎஸ், தாள் கண்ணாடியோடு ஒட்டி இருந்தால்தான் தெளிவு. எட்டாக மடித்துத் தலைமுறையாகப் பெட்டியில் கிடந்த எஸ்டேட் பத்திரங்களைக் கொண்டு வருவார்கள், மடிப்பு தூக்கிக்கொண்டு நிற்கிற இடமெல்லாம் மங்கிவிடும், அங்கேதான் சர்வே எண் இருக்கும்! என் பழைய கனத்த சிசிடி ஸ்கேனர் அதைச் சமாளித்தது. கண்ணாடிக்கு உள்பக்கம் ஈரம் படிந்து அது செத்தபோது உண்மையிலேயே வருத்தப்பட்டேன்.

கடைசியாகக் கைரேகை மெஷின். எந்த உள்ளீட்டுக் கருவியோடும் நான் இவ்வளவு மல்லுக்கட்டியதில்லை. ஆதார் எடுக்கும்போது பத்து விரலும் ரெண்டு கருவிழியும் பதிகிறார்கள், ஆனால் தினசரி வேலைக்கு எல்லாரும் கேட்பது விரலைத்தான். கார்த்திகை, மார்கழியில் காப்பிப் பழம் பறிக்கிற நாகலூர்ப் பக்கத்துப் பாட்டிகள் வந்து விரல் வைத்தால் மெஷின் சிவப்பாகவே நிற்கும். கண்ணாடியில் ரேகையின் மேடு மட்டும் ஒட்டி, பள்ளம் ஒட்டாமல் இருந்தால்தான் அதற்குப் படம் கிடைக்கும். முப்பது வருஷம் களை வெட்டி மிளகு உருவிய விரலில் மேடு எங்கே இருக்கிறது, பழத்துப் பிசின் வேறு. "தேஞ்சு போச்சு கண்ணு, விரலை மாத்தி வெச்சுப் பாரு" என்று அவர்களே சொல்வார்கள். மாற்றித்தான் வைப்பேன். குளிரில் வறண்ட விரல் வெளிறிப் பதியும், அதற்கு ஈரத்துணியில் ஒற்றி, கையைத் தேய்த்துச் சூடாக்கணும். வேர்த்த விரல் அப்பிப் பதியும், அதற்குத் துடைக்கணும். சுட்டுவிரலை விட மோதிர விரல் பல பேருக்குச் சீக்கிரம் ஏற்றுக்கொள்கிறது, அந்த விரல் வேலையில் கம்மியாகத் தேய்வதால் இருக்கலாம். நடுவில் எல்0 என்கிற பழைய பாதுகாப்புத் தர மெஷினைத் தூக்கிப் போட்டுவிட்டு எல்1 என்கிற புதுத் தர மெஷின் வாங்க வேண்டி வந்தது, இதில் ரேகை மெஷினுக்குள்ளேயே பூட்டப்பட்டுத்தான் வெளியே போகிறது. பாதுகாப்பு நல்லதுதான், ஆனால் பாட்டி விரலுக்கு ரெண்டும் ஒன்றுதான். நாலு தடவை விழாவிட்டால் நான் கருவிழிக்கோ ஓடிபிக்கோ போய்விடுவேன். ஓடிபி வருகிற போன் பேரனிடம் இருக்கும், பேரன் திருப்பூரில் இருப்பான்.

அந்த மோடத்தை மறந்துவிட்டேன். அதுவும் உள்ளும் வெளியுமாக ரெண்டு வேலை செய்கிற கருவிதான். 2018 மே மாதம் இடி மழையில், பிளக்கையெல்லாம் பிடுங்கிவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போனேன், இடி தொலைபேசி வயர் வழியாக வந்து மோடத்தையும் அதோடு கோர்த்திருந்த பிரிண்டரையும் சேர்த்து எரித்துவிட்டது. இப்போது மேகம் கறுத்தால் முதலில் பிடுங்குவது நெட் வயரைத்தான், கரண்ட் பிளக் அதற்கப்புறம்.